மூச்சுக்கு நாலு வார்த்தை

பிப்ரவரி 12, திங்கள்
காலை 89. மாலை 88.

விரலில் மாட்டுகிற மிஷினில் வரும் ஆக்சிஜன் அளவைக் காலையும் மாலையும் எழுதி வையுங்கள் என்று ஈரோட்டு டாக்டர் சொன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. அளவை எழுதிய பிறகும் பக்கம் வெள்ளையாக மீதி இருக்கிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். வரட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

இவர் பெயர் செங்கோட்டுவேல். ரிக் வண்டி வைத்து, திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போய் ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போட்டவர். இருபத்து நாலு வருஷம். பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூசி நெஞ்சுக்குள் சிமெண்ட் பூசின மாதிரி பிடித்துவிட்டதாம். முதலில் டி.பி. என்று சொல்லி ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். டி.பி. இல்லை. தூசிக்கு மருந்தும் இல்லை. டாக்டர் இதை என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கதவு சாத்தியிருக்கவில்லை. இவருக்கும் கேட்டிருக்கும்.

கட்டில் போர்ட்டிகோவில். வீட்டுக்குள் படுத்தால் முட்டுகிறது என்கிறார். கார் நிற்க வேண்டிய இடத்தில் கட்டிலும் ஆக்சிஜன் மிஷினும் இருக்கின்றன. கார் வெயிலில் நிற்கிறது. மாடியில் ஏசி வைத்த அறை பூட்டியே கிடக்கிறது. இத்தனை பெரிய வீடு கட்ட வேண்டும் என்று இவருக்குத்தான் ஆசை.

பிப்ரவரி 13, செவ்வாய்
88. 88.

வசந்தகோகிலம் அம்மா வந்தார். போஸ்டாபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது தியானம் சொல்லித் தருகிறார். என் பத்மா அக்கா அனுப்பி வைத்தாள். ஸ்கூட்டியில் வந்தார். காசு வாங்க மாட்டாராம். காபியும் வேண்டாம் என்றுவிட்டார்.

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கண்ண மூடிக்கங்க. வேற எதையும் நெனைக்க வேண்டாம். உள்ள போற மூச்சு, வெளிய வர்ற மூச்சு, அத மட்டும் கவனிங்க" என்றார்.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு வருசமா... அதத்தானுங்க... கவனிச்சுக்கிட்டு இருக்கறேன்."

அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு அவரும் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு இவர் ஐந்து நிமிஷம் இருமினார்.

ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தை, மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் வராது. மிஷின் இரண்டு தரம் புஸ் புஸ் என்ற பிறகுதான் அடுத்தது வரும். அதனால் வேண்டிய பேச்சைத்தான் பேசுகிறார். நான் வாயாடி. என் மூச்சு இத்தனை நாள் எதற்கெல்லாம் செலவானது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி
88. 86.

சந்தகை பிழிந்தேன். இவருக்கு உயிர். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாயோடு போதும் என்றார். மீதியை நான் தின்றேன். மகள் தாரணி பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். நன்றாகச் சாப்பிட்டார் என்று சொன்னேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு
87. 87.

பத்மா அக்கா வந்து போனாள். வந்தவள் இவரைப் பார்த்து அழுதாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மாடிச்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பார்க்கவில்லையா என்றாள்.

"இனி எதுக்குக்கா பாக்கறது? இவரு ஆசப்பட்டுக் கட்டுனாரு, கெடக்குது."

"யாரு, அவரா? ஏன்டி சாந்தாமணி, எங்க புது ஊட்டுப் பால் காய்ச்சுக்கு வந்துட்டுப் போயி மூணு நாளு சோறு திங்காம கெடந்தியே, அது நீயா, அவரா?"

அக்காவுக்கு வாய் எப்போதும் ஒரு மாதிரிதான். அவர் காதில் விழுந்ததோ என்னவோ. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 21, புதன்
87. 87.

இன்று நானே சவரம் செய்துவிட்டேன். சலூன் கடைக்காரரைக் கூப்பிட்டால் வருவார். வேண்டாம், நீ செய் என்றார்.

வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். மிளகு அளவு இருக்கிறது. இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இது எப்ப வந்துச்சுங்க?"

"பொறந்தப்பவே... இருக்குது அம்மிணி."

மழைக்காலத்தில் வண்டி ஓடாது. அப்போதுதான் வீட்டுக்கு வருவார். வருஷத்துக்கு ஒன்றரை மாதம். விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மூன்று வருஷம். அந்த ஒன்றரை மாதத்திலும் பாதி நாள் வண்டி ரிப்பேர், மீதி நாள் உறவுக்காரர் கல்யாணம். காதுக்குப் பின்னால் பார்க்க எங்கே நேரம்.

மடியில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. இந்த வீட்டில் எனக்கு இதுதான் நல்ல நாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்
85. 85.

மாதேசன் வந்தான். மேச்சேரிக்காரன். இவர் வண்டியில் பதினாலு வருஷம் டிரில்லராக இருந்தவன். பிஸ்கட், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு பழைய கதையெல்லாம் எடுத்தான். இவர் கேட்டுக்கொண்டே கிடந்தார், முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"தண்ணி வுட்டு ஓட்டுனா தூசி படுத்துக்கும்னு அப்பவே எல்லாருக்கும் தெரியுங்க அண்ணி. ஆனா தண்ணி வெலைக்கு வாங்கோணும், ஒரு நாளைக்கு ஓட்டற அடியும் கொறையும். ஒரு வருசம் அண்ணன் தெகிரியமா தண்ணி டேங்கர் பேசி முன்பணமே குடுத்துட்டாருங்க. நாங்க பசங்கெல்லாம் சந்தோசப்பட்டோம். அன்னிக்கே ஊட்டுக்குப் போன் பேசிட்டு வந்து, வேண்டாம்டா மாதேசான்னு முன்பணத்தத் திருப்பி வாங்கிட்டாருங்க. அப்பறம் என்ன, மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு ஓட்டறதுதான்."

நான் டீ வைக்க உள்ளே போனேன். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவன் அப்படியே குடித்தான்.

போகும்போது கேட்டில் நின்று இருமினான். நாலைந்து தரம் இருமினான். சளியாக இருக்கும்.

பிப்ரவரி 28, புதன்
84. 84.

மார்ச் 1, வெள்ளி
84. 83.

போன் பேசினாராம். அந்தக் காலத்தில் வாரத்துக்கு நாலு தரம் பேசுவோம். எதில் என்ன பேசினேன் என்று யாருக்கு நினைவிருக்கும்.

மார்ச் 4, திங்கள்
83. 83.

நினைவிருக்கிறது.

அது இந்த வீட்டுக்கு மார்பிள் இறக்கிய வருஷம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அவர் சொன்னார், "அம்மிணி, தூசி ஆகறதில்ல. ராத்திரி இருமலு நிக்க மாட்டீங்குது. ஒரு டேங்கர் பேசி முன்பணம் குடுத்துட்டேன்." எவ்வளவு என்றும் சொன்னார். அது நினைவில்லை.

நான் சொன்னேன், "மத்த வண்டிக்காரங்கெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டா ஓட்டறாங்க? நீங்க என்ன ரோசாப்பூவா, வாடிப் போறதுக்கு?"

அவர் சிரித்தார். சரி அம்மிணி என்றார்.

இதை எழுத ஆறு நாள் ஆயிற்று.

மார்ச் 8, வெள்ளி
82. 82.

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை.

வசந்தகோகிலம் அம்மா செவ்வாய், வெள்ளி தவறாமல் வருகிறார். இன்று இவரோடு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது கேட்டுப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் முப்பது வருசமா தியானத்துல உக்கார்றேங்க. எனக்கு இன்னும் அமையல. உங்க வீட்டுக்காரருக்கு அமைஞ்சிருச்சு. அவருக்குள்ள ஆசையுமில்ல, பயமுமில்ல. ஞானம்ங்கறது இதுதாங்க. நான்தான் அவர்கிட்டக் கத்துக்கிட்டுப் போறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷி, பொய் சொல்கிறவர் இல்லை.

எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. காசு காசு என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடினோம். அவர் மட்டும் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை வழியில் விட்டுவிட்டார்.

அவர் தூங்கும்போது நானும் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துப் பார்த்தேன். மிஷின் சத்தம்தான் கேட்டது.

மார்ச் 12, செவ்வாய்
80. 79.

கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. சிலிண்டரில் ஓட்டினோம்.

மார்ச் 15, வெள்ளி
79. 78.

இன்று இவரிடம் கத்திவிட்டேன். நோயாளியிடம் கத்துகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

காலையில் கேட்டேன், என்ன சமைக்கட்டும் என்று. எதுவானாலும் சரி என்றார். தாரணியை வரச் சொல்லட்டுமா என்றேன். வேலை கெடும், வரும்போது வரட்டும் என்றார். தெருவைப் பார்க்கக் கட்டிலைத் திருப்பட்டுமா. இப்படியே இருக்கட்டும்.

"ஏதாவது கேளுங்க! அது வேணும், இது வேணும்னு ஒண்ணாவது கேட்டுத் தொலைங்க! உப்பில்லைன்னாவது திட்டுங்க!"

பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இவர் என்னையே பார்த்தார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வழியில் நிற்கிற ஆளைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான்... இருக்குது அம்மிணி."

எது நல்லாயிருக்கிறது? நான் வேண்டுவது அவர் வாயால் ஒரு வார்த்தை. உன்னால்தான்டி என்று ஒரு தரம் சொல்லட்டும். அல்லது போகட்டும் விடு என்று சொல்லட்டும். ஒன்றும் சொல்லாமல் நல்லாயிருக்கிறது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அவர் போன பிறகு யாரிடம் கேட்பேன்?

மார்ச் 17, ஞாயிறு
77. 77.

தாரணி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்றாள். வீட்டுக்கு வாங்கின பேங்கு லோனை நினைத்துப் பார்த்து வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுபடியும் அதே வாய்.

மார்ச் 19, செவ்வாய்
காலை 76.

சொல்லிவிட்டேன்.

சவரம் செய்யும்போது சொன்னேன். முகமெல்லாம் சோப்பு. வாயைத் திறக்க முடியாது. அந்த நேரமாகப் பார்த்துத்தான் சொன்னேன், அவ்வளவுதான் என் தைரியம்.

"ஏனுங்க, அந்த டேங்கர வேண்டாம்னு சொன்னது நானுங்க. நாஞ் சொல்லாம இருந்திருந்தா நீங்க இப்பிடிப் படுத்திருக்க மாட்டீங்க."

கையை ஆட்டினார். சோப்பைத் துடைத்துவிடு என்று அர்த்தம். துடைத்தேன்.

"டேங்கரா... எந்த டேங்கரு?"

புஸ். புஸ்.

"அப்பிடி ஒண்ணு... பேசவே இல்ல."

"மாதேசன் சொன்னானே."

"அவனுக்கு மறதி... வயசாயிப் போச்சு."

மாதேசனுக்கு முப்பத்தெட்டு வயது.

"போன்ல நீங்க சொன்னது எங்காதுல இன்னும் கேக்குதுங்க. முன்பணம் குடுத்துட்டேன்னீங்க."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. வண்டியில் கம்ப்ரசர் காற்றுச் சேர்க்குமே, அதுபோல மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னா... கேக்கற ஆளா நானு?"

"பேசாதீங்க. போதும்."

"காசு ஆச... எனக்குத்தான் அம்மிணி..."

"போதுமுங்க, அளவு எறங்குது."

"ஊடும் நாந்தான்... ஆசப்பட்டுக் கட்டுனேன்... உனக்கு ஒண்ணும் தெரியாது... நீ நல்லவ... மனசுல வெக்காத... கேட்டியா... வெக்காத."

விரல் மிஷினில் 68 காட்டியது. உதடு நீலமாகிவிட்டது. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை மணி ஆயிற்று 74 வர.

இந்த ஒரு மாதத்தில் இவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அத்தனையும் பொய். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நானும் அதே பொய்யைத்தான் எழுதியிருக்கிறேன். நான் எழுதியது எனக்காக. அவர் சொன்னதும் எனக்காக.

மாலை 72.

மார்ச் 20, புதன்
70.

பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். விரலை நான் எடுத்தால் தேடினார்.

மார்ச் 21, வியாழன்

காலை ஆறே கால். விரலில் மாட்டிப் பார்த்தேன். கோடு கோடாகக் காட்டியது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன்.

மார்ச் 23, சனி

மூன்றாம் நாள், சுடுகாட்டில் பால் தெளித்து வந்தார்கள். நல்ல கூட்டம். ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். மாதேசனும் வந்திருந்தான். எடுத்த அன்றைக்குப் பாடைக்குத் தோள் கொடுத்தவன் பத்தடி போவதற்குள் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினான். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

வந்த பெண்கள் எல்லோரும் மார்பிள் தரையைத் தடவிப் பார்த்தார்கள். "மகராசன், ஒரு கொறையும் வெக்காமப் போயிட்டாரு" என்றார்கள்.

வசந்தகோகிலம் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வருத்தப்படாதீங்க. எந்தப் பற்றும் இல்லாமப் போன ஆத்மா அது. எதையுமே புடிச்சுக்கல."

"இல்லீங்க. ஒண்ணப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு."

"எதைங்க?"

"பொய்ய."

துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் விளக்கிச் சொல்லவில்லை. அவர் சொன்ன ஞானம் இவருக்கு வந்தது நிஜம்தான். நானே கண்ணால் பார்த்தேனே. கடைசியில் அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கத்தியதால்தான் திரும்பினார். நிம்மதியாகப் போயிருக்க வேண்டியவரை, அந்த மூச்சையும் எனக்காகச் செலவழிக்க வைத்தேன்.

மனதில் வைக்காதே என்றார். வேறு எங்கே வைப்பது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

பதினாறாம் நாள் முடிந்தது. தாரணி ஊருக்குப் போய்விட்டாள். ஆக்சிஜன் மிஷினை வாடகைக்காரன் எடுத்துப் போனான். சத்தமில்லாமல் இருக்கிறது. எழுத அளவும் இல்லை. பழக்கத்தில் நோட்டை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாதேசன் சம்சாரம் பாப்பாத்தி போன் பண்ணினாள். துக்கம் விசாரிக்கத்தான் பேசினாள். பேச்சுவாக்கில் சொன்னாள், மாதேசனுக்கும் இருமல் நிற்கவில்லை, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், டி.பி. என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆறு மாதத்தில் சரியாகிவிடுமாம் என்று. சந்தோஷமாகச் சொன்னாள்.

சரி சாமி, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

ஒன்றும் சமைக்கவில்லை. டி.பி. என்றே இருக்கட்டும். அவர்களுக்கு ஆறு மாதம் நிம்மதி. எனக்கும்தான். இவர் எனக்குச் செய்ததைத்தானே நான் அவர்களுக்குச் செய்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. இவர் தன் மூச்சைக் கொடுத்துப் பொய் சொன்னார். நான் சும்மா இருந்தால் போவது மாதேசன் மூச்சு.

ஏப்ரல் 11, வியாழன்

மேச்சேரிக்குப் போய்வந்தேன். காரை எடுக்க ஆளில்லை. இரண்டு பஸ் மாறிப் போனேன். சிமெண்ட் அட்டை போட்ட வீடு. மாதேசன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான். உட்காரச் சொன்னேன். பாப்பாத்தி தண்ணீர் கொடுத்தாள். குடித்தால் சொல்ல வராது என்று சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

"மாதேசா, இது டி.பி. இல்ல. தூசி. உங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் டி.பி.ன்னு ஆரம்பிச்சாங்க. அந்தப் படத்த எடுத்துக்கிட்டு ஈரோட்டு டாக்டர்கிட்ட வா. என்ன செலவானாலும் எம்பட பொறுப்பு."

பாப்பாத்தி அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு. அந்த டேங்கர வேண்டாம்னு போன்ல சொன்னது நானு."

மாதேசன் தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"ஈரோட்டுல இதுக்கு மருந்து இருக்குதுங்களா அண்ணி?"

இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் கண் அதைத்தான் எதிர்பார்த்தது.

"இல்ல சாமி. இன்னும் கெட்டுப் போகாமப் பாத்துக்கலாம். அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். திட்டவில்லை. திட்டுவான் என்றுதான் பஸ் ஏறினேன்.

பாப்பாத்திதான் பேசினாள். சத்தம் போடவில்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, அந்த டேங்கருக்கு எவ்வளவுங்க கேட்டான்?"

"ஆயிரத்தி எரநூறு." நினைவில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருந்த தொகை.

"ஒரு நாளைக்குங்களா?"

"ஒரு போருக்கு."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்" என்றேன்.